சந்தையை மாற்றினார்கள், பஸ்ஸை மாற்றவில்லை

எங்கள் ஊர்ச் சந்தை இடம் மாறி இரண்டு மாரி போய்விட்டது. புதுக் கட்டடத்தைக் குறை சொல்ல முடியாது. தரைக்கு மாபிள், உயரமான கூரை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி மலசலகூடம், திறந்தால் தண்ணீர் வரும் குழாய். பழைய சந்தையில் இதில் ஒன்றுகூட இருக்கவில்லை. மாரி தொடங்கினால் தறப்பாளை இழுத்துக் கட்டி, வழிந்து வரும் தண்ணீரைச் சாக்கு வைத்துத் தடுத்துக்கொண்டுதான் அங்கே வியாபாரம். அப்படியிருந்தும் அங்கே விற்றதில் பாதிகூட இங்கே விற்பதில்லை. என் அம்மா சொல்கிறார், பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார், வாழைக்குலை விற்கும் ஐயாவும் சொல்கிறார். பாடசாலையில் வேலை முடிந்து வரும்போது நான் அம்மாவின் கடைக்குப் போய் நிற்பேன். அந்த நேரத்தில் வாங்க வந்தவர்களைவிட விற்க இருப்பவர்கள்தான் சந்தைக்குள் கூட.

ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் யார் செய்தது, எந்தத் தவிசாளர் காலத்தில் நடந்தது என்று கதை ஆட்களின் பக்கம் போய்விடும். நான் சொல்லவந்தது வேறு. வன்னியில் எங்கே புதுச் சந்தை கட்டினாலும் கட்டடம் எப்படி, எத்தனை கடை, எவ்வளவு செலவு என்றுதான் கேட்கிறோம். ஒரு மூட்டை கத்தரிக்காயோடு பஸ்ஸால் இறங்குகிற மனிசி அங்கே எப்படிப் போய்ச் சேருவா, விற்ற பிறகு எந்த பஸ்ஸில் திரும்புவா என்று கேட்பதில்லை. ஒரு சந்தை ஓடுவதும் படுப்பதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது அம்மாவோடு இத்தனை வருடம் சந்தையில் நின்று நான் கண்டது.

பழைய சந்தை பஸ் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருந்தது. எதிர்ப்பக்கம் வங்கி, அடுத்த ஒழுங்கையில் தபாற்கந்தோர். கிளினிக் நாளில் வயதான ஆட்கள் விடியவே வந்து துண்டு எடுத்து, மருந்து வாங்கிக்கொண்டு பதினொரு மணி பஸ்ஸுக்குப் போவார்கள். போகிற வழியில் கால் கிலோ பயிற்றங்காய், ஒரு பிடி கீரை, இரண்டு முருங்கைக்காய். சந்தைக்கென்று வீட்டால் வெளிக்கிட்ட சனமில்லை அது. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்க வந்தவர்கள், அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிக் காசு விழுந்துவிட்டதா என்று வங்கியில் பார்க்க வந்தவர்கள், பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு எடுக்க வந்தவர்கள். அம்மாவின் கையில் சேர்ந்த காசில் பெரும்பகுதி இப்படி வேறு அலுவலாய் வந்தவர்கள் கொடுத்த காசு. புதுச் சந்தையின் வழியில் ஆஸ்பத்திரியும் இல்லை, வங்கியும் இல்லை. பிரதான வீதியில் இருந்து கிரவல் பாதையால் உள்ளே போகவேண்டும். பஸ் நிலையத்தில் இருந்து நடந்தால் அரை மணித்தியாலம், கையில் பாரம் இருந்தால் அதற்கு மேலும் எடுக்கும்.

ஏன் அங்கே கட்டினார்கள் என்று கேட்டால் ஒரே பதில்தான்: அங்கேதான் காணி இருந்தது. இவ்வளவு காடும் வெளியுமாய்க் கிடக்கிற வன்னியில் காணிக்கா பஞ்சம் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். பட்டினத்தின் நடுவில் ஒரு ஏக்கர் தேடிப் பார்த்தால் விளங்கும். வீதியோரம் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக்குள் வரும். குளத்துக்குப் பக்கம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஒதுக்குக் காணி. சனம் இடம்பெயர்ந்திருந்த வருடங்களில் பற்றை வளர்ந்து காடான இடத்துக்கு வனவளத் திணைக்களம் கல் போட்டிருக்கும். சில துண்டுகளில் இன்னும் படைமுகாம். மிச்சம் தனியார் காணி, உறுதிக்காரர் கனடாவிலோ பிரான்சிலோ. இதற்குள் நிதி ஒதுக்கியாகிவிட்டது, டிசம்பருக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்ற அவசரம். வழக்கு வம்பு இல்லாத முதல் துண்டு எதுவோ அதில் அத்திவாரம் விழும். இதில் யாரையும் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சந்தை எங்கே இருக்கவேண்டும் என்பதைச் சனம் நடக்கிற வழி தீர்மானிக்கவில்லை, காணிக் கோப்பு தீர்மானித்தது.

உள் கிராமம் ஒன்றில் இருந்து வரும் ஒரு அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். கத்தரி, வெண்டி, மிளகாய் செய்கிறவ. கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அவர் ஊரில் யானைத் தொல்லை இருப்பதால் இருட்டோடு வெளிக்கிட முடியாது. வெளிச்சம் வந்த பிறகு சைக்கிளில் மூட்டையைக் கட்டி உருட்டி, பஸ் நிற்கும் சந்திக்கு வரவேண்டும். அந்தப் பாதைக்குக் காலையில் ஒரு பஸ். அது எங்கள் பட்டினத்துக்கு ஏழரை, ஏழே முக்கால் போல் வரும். திரும்பும் பஸ் பதினொரு மணிக்கு. அதை விட்டால் பின்னேரம், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற பஸ்தான். ஆக அவர் கையில் இருப்பது மூன்றேகால் மணித்தியாலம்.

பழைய சந்தை இருந்தபோது கொண்டக்டர் பெடியன் பின்கதவால் இரண்டு உரப்பையையும் இறக்கி, சந்தை வாசலில் சாத்திவிட்டுப் போவான். அக்கா இறங்கி ஐந்து நிமிடத்தில் தராசை எடுத்துவிடுவா. இப்போது மூட்டைகள் பஸ் நிலையத்தில் இறங்குகின்றன. அங்கிருந்து ஓட்டோ. போகவும் ஓட்டோ, விற்காத மிச்சத்தோடு திரும்பவும் ஓட்டோ.

"ஓட்டோவுக்குக் குடுக்கிற காசுக்கு நாலு கிலோ கத்தரிக்காய் விக்கோணும் பிள்ளை. அதுக்குப் பிறகு வாறதுதான் என்ர காசு. பத்தரைக்கே திரும்பவும் கட்ட வேணும். ஆருக்கு விக்கிறது?" என்று என்னிடம் கேட்டா.

நேரத்தையும் பார்க்கவேண்டும். போக வரப் போகிற நேரத்தையும், ஓட்டோ வரும்வரை நிற்கிற நேரத்தையும் கழித்தால் இரண்டு மணித்தியாலம் மிஞ்சும். அந்த இரண்டு மணித்தியாலத்தில்தான் வாங்குகிற சனமும் வரவேண்டும். வராவிட்டால் பத்து மணிக்கு மேல் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் வந்து, மிச்சத்தை மொத்தமாய் எடுக்கிறேன் என்று விலை சொல்லுவார். அவருக்குத் தெரியும், அக்காவுக்கு பஸ் இருக்கிறது என்று. நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் கழிவு என்று வியாபாரிகள் நிறையில் வெட்டுவதை எதிர்த்து வடக்குச் சந்தைகளில் கமக்காரர் எத்தனையோ வருடமாய்ச் சண்டை பிடிக்கிறார்கள். வாங்க நாலு பேர் நிற்கிற சந்தையில் கழிவு கேட்டால் மூட்டையை அடுத்தவரிடம் தூக்கிக்கொண்டு போகலாம். ஒருவரே நிற்கிற சந்தையில் அவர் சொன்னதுதான் நிறை, அவர் சொன்னதுதான் விலை.

இப்போது அந்த அக்கா புதுச் சந்தைக்கு வருவதில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்து வேம்புக்குக் கீழே சாக்கை விரித்து இருக்கிறா. அவவோடு இன்னும் ஏழெட்டுப் பேர். கீரைக்காரி, குளத்து மீனை, யப்பானும் விராலும், றெஜிபோம் பெட்டியில் கொண்டுவரும் ஒரு தம்பி, வைகாசி ஆனியில் பாலைப்பழம் கொண்டுவரும் பெண்கள். சபை ஆட்கள் வந்து எழுப்பிவிடுவார்கள். அவர்கள் போனதும் திரும்ப வந்து இருப்பார்கள். உள்ளே கடை எடுத்து மாதம் மாதம் வாடகை கட்டுகிற அம்மா போன்றவர்களுக்கு இதில் கோபம் இருக்கிறது, அதுவும் நியாயம்தான். வெளியில் ஒரு சதமும் கட்டாமல் இருப்பவர் விற்றுவிட்டுப் போகிறார், உள்ளே காசு கட்டியவர் ஈ கலைக்கிறார். ஒரு தடவை இரண்டு பக்கமும் வாய்த்தர்க்கம் வந்து கைகலப்பு வரை போனது. ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளி வளர்ந்த சனம், ஒரே முகாமில் இருந்த சனம். அதைப் பார்க்க எனக்குப் பெரிய மனவருத்தமாய் இருந்தது.

வாங்குகிறவரின் பக்கத்தையும் பார்க்கவேண்டும். வேம்படியில் பின்னேரம் ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். வேலை முடிந்து வருகிறவர் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதே இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு கால் தரையில், தலையில் ஹெல்மெட். "அக்கா, ஒரு கிலோ போடுங்கோ" என்று குரல் மட்டும் ஹெல்மெட்டுக்குள் இருந்து வரும். விற்கிற மனிசி பையைக் கொழுவியில் மாட்டிவிடுவா, காசு கை மாறும், வண்டி போய்விடும். ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஆளைப் புதுச் சந்தைக்குப் போகச் சொன்னால் வீதியால் திரும்பி, கிரவலில் குலுங்கி, தரிப்பிடத்தில் வண்டியை விட்டு, உள்ளே நடந்து, திரும்ப வரவேண்டும். கால் கிலோ வெங்காயத்துக்கு அதைச் செய்யமாட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கிற கடையில் பத்து ரூபா கூடக் கொடுத்து வாங்குவார். அவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனமில்லை, நானும் அப்படித்தான் வாங்குகிறேன்.

பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு அந்தக் கிரவல் பாதையில் போதிய வெளிச்சம் இல்லை. இரண்டு கம்பத்துக்கு ஒன்று எரியாது. பெண்கள் தனியே போகப் பயப்படுவார்கள். உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளைகள் வேலை முடிந்து வாங்குவது அந்த நேரத்தில்தான். அவர்களும் இல்லாமல் போனார்கள்.

இன்னும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பழைய சந்தையின் மூலையில் வெற்றிலை பாக்கு விற்ற அண்ணை. 2009இல் வலது கால் முழங்காலுக்குக் கீழ் போனது, செயற்கைக் கால். வெயிலில் கொஞ்சத் தூரம் நடந்தாலே பொருத்துகிற இடம் வியர்த்துத் தோல் உரிந்துவிடும். புதுச் சந்தையில் அவருக்கும் ஒரு இடம் கொடுத்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதைகூடக் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சரிவுப் பாதை சந்தை வாசலில் தொடங்குகிறது. பஸ் நிலையத்தில் இருந்து சந்தை வாசல் வரை கிரவல் கல்லு. கொஞ்ச நாள் வந்தார், பிறகு வருவதில்லை. வீட்டு வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறார். வன்னியில் சந்தைக்கு வரைபடம் கீறுகிறவர்கள், இங்கே எத்தனை பேர் ஒரு காலோடு நடக்கிறார்கள் என்பதை முதலாவதாக நினைக்கவேண்டும்.

சந்தை எப்படி இடம் மாறும் என்பதை நான் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டேன். 1996இல் கிளிநொச்சி இராணுவத்திடம் போனபோது எனக்குப் பத்து வயது. சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று ஒதுங்கியது. நாங்கள் மல்லாவிக்குப் போனோம். அதற்கு முதல் மல்லாவி ஒரு சின்னக் கமக்கார ஊர். கொஞ்ச நாளில் அது வன்னியின் பெரிய கடைத்தெருவாகிவிட்டது. யாரும் திட்டம் போடவில்லை, நாடா வெட்டவில்லை. காட்டுத்தடி நட்டு, கிடுகால் மேய்ந்து, பனையோலையால் அடைத்த கொட்டில்கள். துணிக்கடை, நகைக்கடை, சைக்கிள் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் அந்தக் கொட்டில்களுக்குள்தான். இடம்பெயர்ந்த சனம் அங்கே, ஆஸ்பத்திரி அங்கே, அலுவலகங்கள் பல அங்கே. 1997 மே மாதம் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கி, யாழ்ப்பாணம் போகிற ஏ-9 வீதி சண்டைக்களமான பிறகு, மன்னார்ப் பக்கத்தால் உயிலங்குளம், பிரமனாலங்குளம் வழியாகத்தான் சாமான் உள்ளே வந்தது. மேற்கால் வருகிற பாதைக்கு மல்லாவி கைக்கெட்டிய இடம். மாங்குளத்தில் இருந்து வெள்ளாங்குளம் போகிற வீதி அதன் ஊடாகத்தான் போகிறது.

அப்பா சைக்கிள் கரியரை நீட்டி ஒட்டி, இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு போவார். பின்னால் பாரம் கூடி முன் சில்லு எழும்பாமல் இருக்க ஹாண்டிலில் ஒரு கல்லைத் தொங்கவிடுவார். பற்றறி, சவர்க்காரம், மண்ணெண்ணெய் எல்லாம் தங்கம் போலிருந்த காலம். அம்மா ஒரு கொட்டிலில் மரக்கறி வைத்தா. அந்த வருடங்களில் வந்த வியாபாரம் அதற்குப் பிறகு தனக்கு வந்ததே இல்லை என்று இன்றைக்கும் சொல்லுவா.

பிறகு 2002இல் போர்நிறுத்தம் வந்தது, ஏ-9 திறந்தது. ஒரு நாள் கடைத்தெரு நெரிசலாய் இருந்தது, இன்னொரு நாள் பாதிக் கொட்டில் காலி. நகைக்கடைக்காரர்தான் முதலில் போனவர், அவர் போனதும் துணிக்கடை, பிறகு எல்லாரும். பாதை கிளிநொச்சிக்குத் திரும்பியதும் சந்தையும் திரும்பியது. அப்பா கொட்டிலைப் பிரித்து, தகரத்தையும் தடியையும் உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கொண்டுவந்து கிளிநொச்சியில் திரும்ப நட்டார். மல்லாவிச் சனம் அப்படியேதான் இருந்தது, நல்ல சனம், கமமும் குறையவில்லை. பாதை விலகியதால் பெரிய கடைத்தெரு சின்னதாகிவிட்டது. 2009க்குப் பிறகு மீளக்குடியமரத் தொடங்கியபோதும் இதையேதான் பார்த்தேன். பஸ் சனத்தை எந்தச் சந்தியில் இறக்கிவிட்டதோ அந்தச் சந்தியில்தான் முதல் தறப்பாள் கடை எழும்பியது.

இவ்வளவும் சில்லறை வியாபாரத்தின் கதை. மொத்த வியாபாரத்துக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அதையும் இதையும் ஒன்றாய்க் குழப்புவதால்தான் பல இடங்களில் பிழைக்கிறது. லொறிக்கு மூன்று கிலோமீற்றர் ஒரு தூரமே இல்லை. திரும்ப முடியாத ஒழுங்கைதான் அதற்குத் தூரம். மொத்தச் சந்தை நள்ளிரவில் தொடங்கி விடிய முடிகிற வேலை. அதற்கு ஆஸ்பத்திரியும் வங்கியும் பக்கத்தில் வேண்டாம், பாதைகள் சந்திக்கிற இடம் வேண்டும். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் என்ற மொத்தச் சந்தை 1999இல் திறந்தது, இன்று நாட்டின் மரக்கறி விலையே அங்கேதான் முடிவாகிறது. கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ-9உம் குருநாகல் வழியாகத் திருகோணமலைக்குப் போகும் ஏ-6உம் சந்திக்கிற ஊர் அது. மலையகத்து லீக்ஸும் கரட்டும் கொண்டுவந்த லொறி அங்கே இறக்கிவிட்டு வெங்காயத்தையோ பூசணியையோ ஏற்றிக்கொண்டு போகலாம். வெறும் லொறியாய்த் திரும்பாவிட்டால் கூலி குறையும், கூலி குறைந்தால் கமக்காரனுக்கும் இரண்டு ரூபா கூடும்.

கொழும்பில் மெனிங் சந்தையை 2020 நவம்பரில் புறக்கோட்டையில் இருந்து பேலியகொடைக்கு மாற்றியதும் இந்தக் கணக்கில்தான். கண்டி வீதியும் நீர்கொழும்பு வீதியும் பிரிகிற இடம், பக்கத்திலேயே கட்டுநாயக்க அதிவேகப் பாதை. மீன் சந்தை அதற்கு முன்பே, 2011இல், அங்கே போய்விட்டது. சென்னையில் கொத்தவால் சாவடியை 1996இல் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனபோது அது ஊரின் ஓரம். ஆனால் நூறடிச் சாலையும் பூந்தமல்லி நெடுஞ்சாலையும் சந்திக்கிற ஓரம். 2002இல் வெளியூர் பஸ் நிலையமும் பக்கத்திலேயே வந்தது. இரண்டு ஊரிலும் போனது மொத்த வியாபாரம். கால் கிலோ வாங்குகிற சனத்தை நம்பி இருக்கிற கீரைக்காரியை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது.

வன்னியில் பாதைகள் சந்திக்கிற இடங்கள் எல்லாருக்கும் தெரியும். பரந்தனில் முல்லைத்தீவு வீதியும் பூநகரி வீதியும் ஏ-9ஐத் தொடுகின்றன. மாங்குளத்தில் கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு, மேற்கே மல்லாவி. புளியங்குளத்தில் நெடுங்கேணிப் பாதை. வவுனியாவில் மன்னார், ஹொரவப்பொத்தானைப் பாதைகள். வவுனியாவின் பொருளாதார மத்திய நிலையத்துக்கு ஓமந்தையா, தாண்டிக்குளமா என்று 2016இல் நடந்த இழுபறி பலருக்கும் நினைவிருக்கும். தாண்டிக்குளம் பட்டினத்தின் வாசலில், ஓமந்தை வடக்கே 12 கிலோமீற்றர் அளவில். கடைசியில் இரண்டிலும் இல்லாமல் மதவுவைத்தகுளத்தில் கட்டினார்கள். கட்டி முடித்தும் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. என் கணிப்பில், மொத்தச் சந்தைக்கு இந்த மூன்றில் எதுவும் தூரமில்லை. பட்டினத்து மொத்த வியாபாரிகள் எல்லாரும் ஒரே நாளில், ஒன்றாய்ப் போனால் எந்த இடமும் ஓடும். பாதிப் பேர் பழைய இடத்தில் நின்றால் எவ்வளவு நல்ல இடமும் ஓடாது. லொறிக்காரன் இரண்டு இடத்துக்குப் போய் விலை கேட்கமாட்டான்.

வவுனியாவில் 2017இல் திறந்த புதுப் பஸ் நிலையமும் இதே பாடத்தைத்தான் மற்றப் பக்கத்தால் காட்டியது. தனியார் பஸ் புது இடத்தில், அரசாங்கத்தின் இ.போ.ச. பஸ் பழைய இடத்தில் என்று இழுபட்டுப் பணிப்புறக்கணிப்பு வரை போனது. பழைய நிலையத்தைச் சுற்றிக் கடை வைத்திருந்தவர்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள் என்று அப்போது பலர் கேட்டார்கள். அம்மாவிடம் யாரும் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பா. பஸ்ஸில் இருந்து இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிற சனம்தான் அந்தக் கடைகளின் கைமுதல்.

பாதை என்றால் சனம் வருகிற பாதை மட்டும் இல்லை. 2016 செப்டம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை இரவோடு இரவாய் எரிந்தது. துணிக்கடைகளும் பான்சிக் கடைகளும் வரிசையாய்ப் போயின. அப்போது கிளிநொச்சியில் தீயணைப்பு வண்டி இல்லை, யாழ்ப்பாணத்தில் இருந்து 60 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வரவேண்டியிருந்தது. மீளக்குடியமர்ந்து, கடன் எடுத்து, ஒரு கடையை நிமிர்த்த ஐந்தாறு வருடம் பாடுபட்ட சனம் அது. எங்கள் புதுச் சந்தையின் கிரவல் பாதை மாரியில் உழவு இயந்திரம்கூடப் புதைகிற பாதை. ஒரு நெருப்பு வண்டி தண்ணீரும் நிறைத்து அதால் வரவேண்டி வந்தால் என்ன ஆகும் என்று நினைக்க எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இந்தச் சித்திரைக்குப் பிறகு ஒரு சின்ன விசயம் நடந்தது. உள் கிராமப் பாதையில் ஓடும் மினிபஸ் சாரதி ஒருவர் தன்பாட்டில் பஸ்ஸைப் புதுச் சந்தை வாசல் வரை விடத் தொடங்கினார். அவருடைய மாமியும் மரக்கறி விற்கிறவ என்று பிறகு தெரிந்தது. காலையில் பஸ் வாசலில் வந்து நிற்க, மூட்டைகள் இறங்க, அதே பஸ்ஸில் வந்த சனம் இறங்கினதுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தது. வேம்படி அக்காவும் உள்ளே வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தா. அந்த நாட்களில் அம்மா பத்து மணிக்கே கீரை முடிந்துவிட்டது என்று போன் எடுத்தா. அவவின் குரலிலேயே தெரிந்தது.

கொஞ்ச நாள்தான். உள்ளே போய்த் திரும்ப எடுக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் பின்னால் வரும் பஸ் அவருடைய சனத்தை ஏற்றிக்கொண்டு போய்விடும். நேரக் கணிப்பாளர் பிந்தியதற்குத் தண்டம் எழுதினார். வழி அனுமதிப் பத்திரத்தில் சந்தை இல்லை, ஆகவே அங்கே போவது விதிப்படி பிழையும்கூட. அவர் நிறுத்திவிட்டார். அவரிடம் பிழை சொல்ல முடியாது, தன் உழைப்பில் இருந்துதான் அவர் அந்த நிமிடங்களைக் கொடுத்தார். ஆனால் செய்யவேண்டியது எவ்வளவு சின்னது என்பதை அவர் காட்டிவிட்டார். புதுக் கட்டடம் வேண்டாம், புது நிதி வேண்டாம். காலையில் வருகிற உள் கிராமத்து பஸ்கள் எல்லாவற்றுக்கும், தனியாருக்கும் இ.போ.ச.வுக்கும் ஒரேமாதிரி, வழி அனுமதியில் சந்தை வாசலையும் சேர்த்து, நேர அட்டவணையில் அந்தப் பத்து நிமிடத்தைக் கூட்டவேண்டும். எல்லாரும் போனால் யாரும் யாருடைய சனத்தையும் பிடுங்க முடியாது.

அதைத்தான் மகஜராக எழுதியிருக்கிறோம், சபைக்கும் மாகாணப் போக்குவரத்து அதிகார சபைக்கும் டிப்போவுக்கும். கூடவே ஐப்பசி மழைக்கு முதல் கிரவல் பாதைக்கு வாய்க்கால் வெட்டி, லைற் போடவேண்டும் என்றும், பஸ் ஒழுங்காக ஓடத் தொடங்கும்வரை வேம்படியில் காலை ஒன்பது மணி வரை விற்பவர்களை எழுப்பக்கூடாது என்றும் கேட்டிருக்கிறோம். கடைசிக் கோரிக்கைக்கு உள்ளே கடை வைத்திருப்பவர்கள் சம்மதிப்பார்களா என்று பயந்தேன். முதலில் கையெழுத்து வைத்தது அம்மா. அதன் பிறகு மற்றவர்களும் வைத்தார்கள்.

மகஜர் அம்மாவின் கடையில் இருக்கிறது, காலை எட்டு மணியில் இருந்து பத்து மணி வரை வரலாம். அவ்வளவு தூரம் நடக்க முடியாதவர்களுக்கு இன்னொரு பிரதியை பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடையில் கொடுத்திருக்கிறேன். அடையாள அட்டை இலக்கமும் கிராம அலுவலர் பிரிவும் எழுதவேண்டும், மறக்காமல் கொண்டுவாருங்கள். வெற்றிலைக்கார அண்ணையின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோகிறேன்.